நண்பர்களுடன் ஐரோப்பாவுக்கு முதல் ரயில் பயணம்: பாஸ் வாங்குவது ஏன் கடைசி வேலையாக இருக்க வேண்டும்?

பெங்களூரு: வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஆன நிலையில், கையில் சற்றே சேமிப்புடன் நான்கைந்து நண்பர்களாகச் சேர்ந்து ஐரோப்பாவை ரயிலில் சுற்றிவர வேண்டும் என்ற ஆசை பெங்களூரு இளைஞர்கள் பலருக்கு உண்டு. வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கப்பட்டதும் அதில் முதலில் வந்து விழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: 33 நாடுகளில் செல்லுபடியாகும் 'யூரெயில்' பாஸின் விலை என்ன?

கேள்வியில் தவறில்லை, அது கேட்கப்படும் நேரம்தான் தவறு. விசா எந்த நாட்டின் மூலம் பெறப்படும், எந்தெந்த நகரங்களில் எத்தனை இரவுகள், இடையிலான தொலைவு எவ்வளவு என்பவை முடிவான பிறகே பாஸ் லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியும். இந்த வரிசை தலைகீழானால், திரும்பக் கிடைக்காத கட்டணங்களில் பல ஆயிரம் ரூபாயை இழக்க நேரிடும். அதைவிடப் பெரிய இழப்பும் உண்டு. ஐந்து பேர் கிளம்பத் திட்டமிட்டு, விசா மறுக்கப்பட்ட ஒருவரை விட்டுவிட்டு நால்வர் மட்டும் விமானம் ஏறுவதே அது.

பாஸ் என்பது என்ன?

யூரெயில் பாஸ் 1959ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்காக அறிமுகப்படுத்தப்பட்டது. ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு 1972இல் 'இன்டர்ரெயில்' வந்தது. அப்போது அது 21 வயது வரையிலான இளைஞர்களுக்கு மட்டுமே. இன்று இரண்டும் ஏறத்தாழ ஒரே பயன் தருபவை. எதை வாங்கலாம் என்பதைப் பயணியின் வசிப்பிடம் தீர்மானிக்கிறது. ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு படிக்கும் பழைய வகுப்புத் தோழர் ஒருவரும் குழுவில் சேர்வது பெங்களூரு நண்பர் வட்டங்களில் வழக்கம். அங்கு வசிக்கும் அவர் வாங்க வேண்டியது இன்டர்ரெயில். அதன் விதிப்படி வசிக்கும் நாட்டுக்குள் அவர் பாஸைப் பயன்படுத்துவதற்கு வரம்பு உண்டு: வெளியே செல்ல ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம். 'எல்லோருக்கும் ஒரே பாஸ்' என்று ஒருவரே மொத்தமாக வாங்கிவிடுவது இதனால் சரிப்படாது.

இந்திய ரயில்வேயில் இதற்கு நெருங்கிய ஒன்று உண்டு. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் 'சுற்றுப் பயண டிக்கெட்'டில் அதிகபட்சம் 8 இடங்களில் இறங்கித் தங்கலாம். ஆனால், அதில் பாதையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். யூரெயில் பாஸில் பாதை எழுதப்படுவதில்லை. பயண நாள்கள் மட்டுமே எண்ணப்படுகின்றன. உதாரணமாக, ஒரு மாத காலத்துக்குள் 5 அல்லது 7 பயண நாள்கள். ஒரு பயண நாள் என்பது நள்ளிரவு முதல் மறு நள்ளிரவு வரை. அந்த நாளில் எத்தனை ரயில்களில் வேண்டுமானாலும் ஏறலாம். பாஸ் செல்பேசிச் செயலியிலேயே வந்துவிடுகிறது. வாங்கியதிலிருந்து 11 மாதங்களுக்குள் பயன்பாட்டைத் தொடங்கினால் போதும். பாஸ் தொடங்கும் நாளில் வயது 27 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு. குழுவில் ஒருவருக்கு 28 வயது நிறைந்திருந்தால் அவருடைய கணக்கைத் தனியாகப் போட வேண்டும்.

விசாவே பாதையைத் தீர்மானிக்கிறது

ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள் உள்ளன. பாஸ் செல்லும் 33 நாடுகளும் ஷெங்கன் நாடுகளும் ஒன்றல்ல. பிரிட்டன், அயர்லாந்து, துருக்கி ஆகியவை பாஸில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பாரிஸிலிருந்து லண்டனுக்கு ரயில் இருக்கிறது என்பதற்காக ஷெங்கன் விசாவுடன் லண்டன் செல்ல முடியாது; பிரிட்டன் விசா தனி. அதைப் பெற்று லண்டன் சென்றாலும், ஷெங்கன் விசா ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிப்பதாக இருந்தால் மீண்டும் பாரிஸ் திரும்ப இயலாது.

விசா கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. கணக்குக்கு வசதியாக ஒரு யூரோவை 100 ரூபாய் என வைத்துக்கொண்டாலும் (சந்தை மதிப்பு அதைத் தாண்டிவிட்டது) ஒருவருக்கு 9,000 ரூபாய். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதில் சேராது. விசா மறுக்கப்பட்டால் இந்தத் தொகை திரும்பாது. 2024ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஷெங்கன் விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 15 சதவீதம் நிராகரிக்கப்பட்டன. ஏழு பேரில் ஒருவர் என்ற இந்த விகிதத்தை ஐந்து பேர் கொண்ட குழுவுக்குப் பொருத்திப் பார்த்தால், ஒருவர் பின்தங்க நேர்வது அரிய விபத்து அல்ல என்பது புரியும்.

குழுவாகச் சென்றாலும் ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாகவே பரிசீலிக்கப்படுகிறது. நண்பர் நால்வருக்கு விசா கிடைத்தது ஐந்தாமவருக்குத் தகுதி ஆகாது. இங்கே குழுக்கள் செய்யும் பிழை ஒன்று அடிக்கடி கவனிக்கப்படாமல் போகிறது: விடுதி அறைகள் எல்லாவற்றையும் ஒருவர் பெயரில் பதிவு செய்வது. மற்ற நால்வரின் கையிலும் தங்குமிடத்துக்கான ஆதாரம் இல்லாமல் போய்விடும். பதிவுச் சீட்டில் ஐவர் பெயரும் இடம்பெற வேண்டும். ஒவ்வொருவரும் தம் விளக்கக் கடிதத்தில் உடன் வருவோரின் பெயர்களையும் ஒரே பயணத் திட்டத்தையும் குறிப்பிட வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, பணியிடத்தின் விடுப்புக் கடிதம் ஆகியவை அவரவருடையவை. விண்ணப்பத்துக்குச் சில நாள்களுக்கு முன் கணக்கில் திடீரென வந்து சேரும் பெருந்தொகை நம்பிக்கையைக் கூட்டுவதில்லை. பல நேரங்களில் ஐயத்தையே எழுப்புகிறது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளிலிருந்து மேலும் 3 மாதங்கள் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? விதி எளிது: அதிக நாள்கள் தங்கும் நாட்டிடம், நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். விமானம் இறங்கும் நாடு என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டு: மியூனிக் 2 இரவு, பிராக் 3, வியன்னா 3, புடாபெஸ்ட் 3, சால்ஸ்பர்க் 1, மீண்டும் மியூனிக் 1. மொத்தம் 13 இரவுகள். விமானம் இறங்குவதும் ஏறுவதும் ஜெர்மனியில்தான். ஆனால், வியன்னாவும் சால்ஸ்பர்கும் ஆஸ்திரியாவில் இருப்பதால் அங்கு 4 இரவுகள். ஜெர்மனி, செக் குடியரசு, ஹங்கேரி ஆகியவற்றில் தலா 3. எனவே விண்ணப்பம் ஆஸ்திரியாவுக்கு. நேர்காணல் தேதி எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக வேறொரு நாட்டின் பெயரில் விசா பெற்றுப் பிறகு திட்டத்தை மாற்றுவது ஆபத்தானது. எல்லையில் கேள்வி எழலாம், அடுத்த விண்ணப்பத்திலும் அது தலைதூக்கலாம்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதங்கள் முன்பிலிருந்து அளிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள்கள். முடிவுக்கு வழக்கமாக 15 நாள்கள், சில வேளைகளில் 45 நாள்கள் வரை ஆகும். பல ஐரோப்பிய நாடுகளின் விண்ணப்ப மையங்கள் பெங்களூருவிலேயே இருப்பதால் கைரேகை பதிவுக்குச் சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டியதில்லை. ஆனால், கோடை விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் மையத்தில் தேதி கிடைப்பதே பெரும்பாடு. மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே தேதி தேடத் தொடங்குவது மிகையான எச்சரிக்கை அல்ல.

விசா கைக்கு வரும் வரை எதை வாங்குவது என்பதே சிக்கனத்தின் முதல் சோதனை. கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய விடுதி அறைகளை மட்டும் பதிவு செய்யலாம். பாஸோ, தேதி மாற்ற முடியாத மலிவு ரயில் டிக்கெட்டோ அப்போது தேவையில்லை. எந்த ரயிலில் எந்த நாளில் செல்லத் திட்டம் என்பதைப் பயண அட்டவணையில் எழுதிக் காட்டினால் பெரும்பாலும் போதுமானது.

கணக்கு எங்கே மாறுகிறது?

மேற்சொன்ன சுற்றையே எடுத்துக்கொள்வோம். ஐந்து ரயில் பயணங்கள்: மியூனிக் - பிராக், பிராக் - வியன்னா, வியன்னா - புடாபெஸ்ட், புடாபெஸ்ட் - சால்ஸ்பர்க், சால்ஸ்பர்க் - மியூனிக். இவற்றில் முதலாவது ஏறத்தாழ 6 மணி நேரம். பிராக் - வியன்னா 4 மணி நேரம். வியன்னா - புடாபெஸ்ட் 2 மணி 40 நிமிடம். பெங்களூருவிலிருந்து வந்தே பாரத்தில் சென்னை செல்வதைவிடக் குறைந்த நேரத்தில் நாடே மாறிவிடுகிறது.

இத்தகைய குறுந்தொலைவுப் பாதையில் பாஸ் பெரும்பாலும் தோற்றுவிடுகிறது. 5 பயண நாள்களுக்கான இளையோர் பாஸ் 240 யூரோவையொட்டி இருக்கும். இதே பயணங்களுக்குத் தனித்தனி டிக்கெட்டுகளை ஓரிரு மாதங்கள் முன்னதாக வாங்கினால் மொத்தம் 120 முதல் 150 யூரோவுக்குள் முடித்துவிடலாம். பிராக் - வியன்னா, வியன்னா - புடாபெஸ்ட் தடங்களில் முன்கூட்டி வாங்குவோருக்கு 20 யூரோ அளவில் டிக்கெட் கிடைப்பதுண்டு. கடைசிப் பயணத்துக்கு, குழுவாகச் செல்வோருக்கென்றே ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது: ஜெர்மனியின் பவேரியா மாநில நாள் டிக்கெட்டான 'பயர்ன் டிக்கெட்'. ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை செல்லலாம்; ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரையிலும் அது செல்லும். ஐவராகப் பகிர்ந்தால் ஒருவருக்கு 20 யூரோவுக்கும் குறைவு. நிபந்தனைகள் இரண்டு. வார நாள்களில் காலை 9 மணிக்குப் பிறகே அது செல்லுபடியாகும். அதிவேக ரயில்களில் ஏறக்கூடாது, வட்டார ரயில்களில் மட்டுமே.

இங்கே இந்தியப் பயணிக்குப் பழக்கமில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மூரில் பெரும்பாலான ரயில்களில் முன்பதிவு தொடங்கும் நாளிலும் பயண நாளுக்கு முன்பும் அடிப்படைக் கட்டணம் ஒன்றே. ஐஆர்சிடிசியில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன் திறக்கிறது. அவசரம் என்றால் தட்கல். நம் கவலை இடம் கிடைக்குமா என்பதே. ஐரோப்பிய நெடுந்தொலைவு ரயில்களில் நிலைமை மறுதலை. இடம் பெரும்பாலும் இருக்கும். விலைதான் விமான டிக்கெட்டைப் போல நாளுக்கு நாள் ஏறும். இரண்டு மாதங்களுக்கு முன் 20 யூரோவுக்குக் கிடைத்த இருக்கை, கிளம்பும் நாளில் பல மடங்கு ஆகலாம். காத்திருப்போர் பட்டியல், ஆர்ஏசி போன்றவை அங்கு இல்லை.

அப்படியானால் பாஸ் யாருக்கு? நெடுந்தொலைவு செல்பவர்களுக்கு, தேதியை முன்கூட்டியே கட்டிப்போட விரும்பாதவர்களுக்கு, முக்கியமாக ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் அதிகம் சுற்றுபவர்களுக்கு. இந்நாடுகளின் பெரும்பாலான உள்நாட்டு ரயில்களில் இருக்கைப் பதிவு கட்டாயமில்லை. பாஸைக் காட்டி ஏறிவிடலாம். ஹாம்பர்கிலிருந்து மியூனிக், அங்கிருந்து ஜூரிக், பிறகு வியன்னா என்று கடைசி நேர முடிவுகளுடன் அலைபவருக்குப் பாஸ் சில நாள்களிலேயே தன் விலையை மீட்டுவிடும்.

பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி என்றால் கதை வேறு. பிரான்ஸின் டிஜிவி, ஸ்பெயினின் ஏவிஇ, இத்தாலியின் ஃப்ரெச்சியரோசா போன்ற அதிவேக ரயில்களில் பாஸ் வைத்திருந்தாலும் இருக்கைப் பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ரயிலையும் தடத்தையும் பொறுத்து சுமார் 10 யூரோவில் தொடங்கும் இது, யூரோஸ்டாரில் 30 யூரோவையும் தாண்டும். பிரான்ஸில் பாஸ் வைத்திருப்போருக்கான இருக்கைகள் எண்ணிக்கையிலும் குறைவு. 'எங்கு வேண்டுமானாலும் ஏறலாம்' என்ற சுதந்திரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, ஒவ்வொரு ரயிலுக்கும் முன்பதிவு செய்துகொண்டிருப்பதில் பொருளில்லை. இத்தாலியில் சிக்கனம் தேடுவோர் வட்டார ரயில்களைக் கவனிக்கலாம்: எப்போது வாங்கினாலும் ஒரே விலை. காகித டிக்கெட்டாக இருந்தால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட மறக்கக்கூடாது, மறந்தால் அபராதம்.

ஜெர்மனியிலேயே பெரும்பகுதி நாள்களைக் கழிப்போருக்கு மூன்றாவது வழியும் உண்டு. நாடு முழுவதும் வட்டார ரயில், மெட்ரோ, டிராம், பேருந்து அனைத்திலும் ஒரு மாதம் செல்லும் 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' 2023 மே மாதம் 49 யூரோவில் அறிமுகமானது. 2026 ஜனவரி முதல் 63 யூரோ. அதிவேக ரயில்களில் செல்லாது. இது மாதச் சந்தா என்பதால், உரிய மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத் தொகையும் அட்டையிலிருந்து எடுக்கப்பட்டுவிடும். லக்சம்பர்க்கில் இந்தக் கவலையே இல்லை. 2020 மார்ச் 1 முதல் அங்கு ரயிலின் இரண்டாம் வகுப்பு உட்படப் பொதுப் போக்குவரத்து அனைத்தும் இலவசம்.

இரவு ரயிலும் தாமதமும்

ஆஸ்திரிய ரயில்வேயின் 'நைட்ஜெட்' இரவு ரயில்கள் வியன்னாவையும் மியூனிக்கையும் ரோம் போன்ற நகரங்களுடன் இணைக்கின்றன. படுக்கைப் பெட்டிகளில் ஆறு பேர் அறை நம்மூர் மூன்றடுக்குப் பெட்டியின் ஒரு பகுதியை நினைவூட்டும். கதவு மட்டும் உண்டு. ஒரு விடுதி இரவின் செலவு மிச்சமாகும் என்பதே இதன் கவர்ச்சி. பாஸ் இருந்தாலும் படுக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். நால்வர், ஐவர் சேர்ந்து ஓர் அறை முழுவதையும் எடுத்துக்கொண்டால் அறிமுகமில்லாதவர்களுடன் இரவைக் கழிக்கும் சங்கடம் இல்லை. உட்கார்ந்து செல்லும் இருக்கை மலிவு என்று எடுத்துவிட்டு மறுநாள் முழுவதும் தூங்கி வழிவது சிக்கனத்தில் சேராது.

ஐரோப்பிய ரயில் என்றாலே நொடி பிசகாது என்ற நம்பிக்கை சுவிட்சர்லாந்துக்குப் பெருமளவு பொருந்தும், ஜெர்மனிக்குப் பொருந்தாது. 2024இல் ஜெர்மன் ரயில்வேயின் நெடுந்தொலைவு ரயில்களில் 62.5 சதவீதம் மட்டுமே உரிய நேரத்தில் வந்து சேர்ந்தன. அதிலும் 6 நிமிடத்துக்குக் குறைவான தாமதம் 'உரிய நேரம்' என்றே கணக்கிடப்படுகிறது. எனவே செயலி காட்டும் 7 நிமிட, 9 நிமிட மாற்று இணைப்புகளை நம்பக்கூடாது. பெரிய நிலையங்களில் குறைந்தது அரை மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது. முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால், முதல் ரயிலின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு ரயிலில் அனுப்பிவைக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. இரண்டு நிறுவனங்களிடம் தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு பொதுவாக இல்லை. சென்றடைவதில் 60 நிமிடத் தாமதம் ஏற்பட்டால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடம் என்றால் 50 சதவீதமும் இழப்பீடு கோர ஐரோப்பிய ஒன்றிய விதி இடமளிக்கிறது. இயற்கைச் சீற்றம் போன்ற அசாதாரணச் சூழல்களுக்கு விலக்கு உண்டு.

நிலையப் பெயரையும் சரிபார்க்க வேண்டும். கேஎஸ்ஆர் பெங்களூரு, யஷ்வந்த்பூர், எஸ்எம்விடி எனப் பெங்களூருவில் மூன்று முனையங்கள் இருப்பது பழகியவர்கள், பாரிஸில் 'பாரிஸ் நிலையம்' என்று ஒன்று இல்லை என்பதை வியப்பின்றி ஏற்பார்கள். வடக்கே செல்லும் ரயில்கள் கார் து நோர் நிலையத்திலிருந்தும், தென்கிழக்கே செல்பவை கார் து லியோன் நிலையத்திலிருந்தும் புறப்படுகின்றன.

எப்போது செல்வது?

மே, ஜூன் மாத விமானக் கட்டணமும் கூட்டமும் தெரிந்ததே. பெங்களூருவிலிருந்து ஃபிராங்க்பர்ட், மியூனிக், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் நகரங்களுக்கு நேரடி விமானங்கள் உள்ளன. வளைகுடா நகரங்கள் வழியாக மாறிச் செல்வது சில நேரங்களில் மலிவு. ஒரு நகரில் இறங்கி மற்றொரு நகரில் விமானம் ஏறும்படி டிக்கெட் எடுத்தால், தொடங்கிய இடத்துக்குத் திரும்பும் ஒரு நாளும் ஒரு ரயில் கட்டணமும் மிச்சமாகும்.

தசரா விடுமுறையை ஒட்டிச் செல்ல நினைப்போர் கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்று மியூனிக்கில் உள்ளது. செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை நடைபெறும் அக்டோபர்ஃபெஸ்ட் விழாவின்போது அந்நகரின் விடுதி வாடகை பல மடங்கு எகிறும். அதே சுற்றை விழா முடிந்த மறு வாரம் தொடங்கினால் செலவு வெகுவாகக் குறையும்.

அன்றாடச் செலவில் உணவே பெரிது. விடுதியின் பொதுச் சமையலறையும் சூப்பர் மார்க்கெட்டும் கைகொடுக்கும். ஆனால், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பொதுவாக மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை மட்டும் திறந்திருக்கும். செக் குடியரசில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட் என்பதால் யூரோவை மட்டும் நம்பிச் செல்ல முடியாது. அட்டையில் பணம் செலுத்தும்போது 'ரூபாயிலேயே கழிக்கட்டுமா' என்று இயந்திரம் கேட்டால் மறுத்து, உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் மாற்று விகிதம் பெரும்பாலும் பாதகமாகவே இருக்கும். குழுவின் பொதுச் செலவை எழுதிவைக்கும் பொறுப்பைக் கிளம்பும் முன்பே ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவது நட்புக்கும் நல்லது.

வந்திறங்கும் நாளில் ரயிலுக்கு நேரம் குறிக்கும்போது இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஷெங்கன் எல்லைகளில் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையையும் முகப் படத்தையும் பதிவு செய்யும் புதிய முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது. முதன்முறை செல்வோருக்குப் பதிவு முழுமையாகச் செய்யப்படுவதால் விமான நிலைய வரிசை நீளக்கூடும். விமானம் தரையிறங்கிய இரண்டு மணி நேரத்தில் கிளம்பும் ரயிலுக்கு மாற்ற முடியாத மலிவு டிக்கெட் வாங்குவதைவிட, அன்றிரவு இறங்கிய ஊரிலேயே தங்கி மறுநாள் காலை ரயிலேறுவது செலவு குறைந்த ஏற்பாடு.